புத்தகம் நகர மறுக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு புத்தகம் பாதியில் நின்றுவிட்டால் நாம் வழக்கமாகச் செய்வது இரண்டில் ஒன்று. பல்லைக் கடித்துக்கொண்டு முடிப்போம். அல்லது முடிக்கத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே மாதக்கணக்கில் தலைமாட்டில் வைத்திருப்போம். மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடு என்று யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. எடுத்ததை முடி, நுனிப்புல் மேயாதே என்றுதான் கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

அதற்காக, நின்றுபோன புத்தகத்தையெல்லாம் தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. வண்டி நின்றுவிட்டால் உடனே எஞ்சின் போய்விட்டது என்றா முடிவு கட்டுகிறோம்? பெட்ரோல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறோம். புத்தகம் நிற்பதற்கும் அப்படிப் பல காரணங்கள் உண்டு. புத்தகமே மோசமாக இருக்கலாம். மொழிபெயர்ப்பு மோசமாக இருக்கலாம். உங்கள் கண்ணாடியின் பவர் மாறியிருக்கலாம். எடுத்த நேரம் சரியில்லாத நேரமாக இருக்கலாம். புத்தகத்தை விடுவது இவற்றில் ஒன்றிரண்டுக்குத்தான் மருந்து.

உங்கள் அறிகுறி எதுவோ, நேராக அந்த இடத்துக்குப் போய்விடுங்கள். முழுவதும் படிக்க வேண்டியதில்லை. இந்த விஷயத்துக்கு அதுதான் பொருத்தமும்கூட.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்தச் சோதனை

நீங்கள் ஏற்கெனவே படித்து, மனதுக்குப் பிடித்துப்போன ஒரு புத்தகத்தை எடுங்கள். இப்போது நகராத புத்தகத்தை எந்த நாற்காலியில், எந்த நேரத்தில் படிக்கிறீர்களோ, அதே நாற்காலி, அதே நேரம். நடுவில் எங்காவது பிரித்துப் பத்து நிமிடம் படியுங்கள்.

பத்து நிமிடம் என்று நினைத்து உட்கார்ந்து அரை மணி நேரம் போய்விட்டதென்றால், சந்தேகம் புத்தகத்தின் மேல்தான். கீழே உள்ள மற்ற அறிகுறிகளைப் பாருங்கள். பிடித்த புத்தகமும் நகரவில்லை என்றால், இப்போது எந்தப் புத்தகத்தையும் கைவிடாதீர்கள். கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு வருடம் மூன்று நாவல்களை வரிசையாக நாற்பது பக்கத்தில் தூக்கிப்போட்டேன். மூன்று எழுத்தாளர்களையும் மனதுக்குள் திட்டினேன். நான்காவதாக எடுத்தது பத்து வயதிலிருந்து படித்துவரும் கதை. அதுவும் மங்கலாகவே போனது. அப்புறம்தான் கவனித்தேன்: விளக்கு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. என் தலையின் நிழல் பக்கத்தின் மேல் பாதியில் விழுந்துகொண்டிருந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். மூன்றில் இரண்டு நல்ல நாவல்கள்.

## அறிகுறி: ஒரே பக்கத்தை மூன்று தடவை படிக்கிறேன், ஒன்றும் ஏறவில்லை

மேலே சொன்ன சோதனையில் பிடித்த புத்தகமும் தோற்றுப்போயிருந்தால் இங்கே பாருங்கள். போன் எங்கே இருக்கிறது? மேஜை மேல் குப்புறக் கவிழ்த்து வைத்திருக்கிறேன் என்பது பதில் ஆகாது. வேறு அறையில் வைத்துவிட்டு வந்து அதே பக்கத்தைப் படித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஏறவில்லை என்றால் மனதில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றைக்குப் புத்தகம் வேண்டாம், அவ்வளவுதான். கவலை இருக்கும் வாரத்தில் எடுத்த புத்தகத்தின் மேல் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை.

## அறிகுறி: இரண்டு பக்கத்தில் தூக்கம் வந்துவிடுகிறது

படுத்துக்கொண்டு படிக்கிறீர்களா? அப்படியானால் தூங்க வைத்தது புத்தகம் இல்லை, படுக்கை. அதே அத்தியாயத்தைக் காலையில் உட்கார்ந்து படியுங்கள்.

வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். கண்ணில் உள்ள லென்ஸ் வயதாக ஆக விறைத்துப்போகும். கிட்டத்தில் உள்ள எழுத்தைக் குவித்துப் பார்க்கும் திறன் குறையும். வெள்ளெழுத்து என்போமே, அது. பலருக்கு இது எழுத்து தெரியவில்லை என்ற புகாராக வராது. படித்தால் அலுப்பாக இருக்கிறது, தலை கனக்கிறது, இப்போதெல்லாம் புத்தகமே பிடிப்பதில்லை என்றுதான் சொல்வார்கள். புத்தகத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தால் எழுத்து தெளிகிறதா? அப்படியானால் கண் மருத்துவரிடம் போங்கள். புத்தகம் அலமாரியிலேயே காத்திருக்கட்டும்.

போனில் பி.டி.எஃப். படிப்பவர்களுக்கும் இதே கதைதான். ஸ்கேன் செய்த பக்கம் திரைக்குத் தகுந்தாற்போல் மடங்காது. ஒவ்வொரு வரிக்கும் வலமும் இடமும் இழுத்துக்கொண்டே இருந்தால் எந்த மகா நாவலும் அலுத்துப்போகும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கும் மின்னூல் வடிவமோ அச்சுப் பிரதியோ கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

## அறிகுறி: யார் யாரென்றே தெரியவில்லை

இது பெரிய நாவல்களில் வரும் கோளாறு, ரஷ்ய நாவல்களில் கட்டாயம் வரும். அங்கே ஒரே ஆளுக்குச் சொந்தப் பெயர், தகப்பன் பெயரிலிருந்து வரும் பெயர், குடும்பப் பெயர், போதாததற்கு இரண்டு மூன்று செல்லப் பெயர்கள். அலுவலகத்தில் ஒன்றாகவும் வீட்டில் வேறாகவும் அழைப்பார்கள். நாம் நான்கு பேர் என்று நினைத்துக்கொண்டிருப்போம், இருப்பது ஒருவர்.

இதற்குப் புத்தகத்தை விட வேண்டியதில்லை. ஒரு தபால் அட்டை அளவுக்குத் தாளை வெட்டிப் புத்தக அடையாளமாக வையுங்கள். புதிதாக ஒருவர் வந்தால் பெயரும் உறவும் ஒரு வரி: 'இவான், மூத்த மகன், கடன்காரன்.' ஐம்பது பக்கத்துக்குப் பிறகு அந்தத் தாளைப் பார்க்கும் வேலை தானாகக் குறைந்துவிடும்.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் படித்தால் எந்தத் தாளும் காப்பாற்றாது. ஆள்கூட்டம் நிறைந்த நாவலைத் தொடர்ந்து நாலு நாள் கிடைக்கும்போது தொடங்குங்கள்.

## அறிகுறி: ஒவ்வொரு சொல்லும் புரிகிறது, வாக்கியம் மட்டும் புரியவில்லை

மொழிபெயர்ப்பு நூலா என்று அட்டையைப் பாருங்கள். ஆமென்றால் ஒரு பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். உதாரணத்துக்கு நானே செய்த ஒரு வாக்கியம்:

'தன் தந்தையால் ஒருபோதும் மன்னிக்கப்பட்டிராத அந்தக் கடிதத்தைத் தன் கைகளில் கொண்டிருந்தவளாக அவள், எது நேற்றைய மழையால் நனைக்கப்பட்டிருந்ததோ அந்தப் படிக்கட்டில் அமர்ந்திருப்பவளாகக் காணப்பட்டாள்.'

வாய் தடுக்குகிறதா? இதையே, 'நேற்றைய மழையில் நனைந்திருந்த படிக்கட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் அந்தக் கடிதம். அப்பா கடைசிவரை மன்னிக்காத கடிதம்' என்று எழுதியிருந்தால் நீங்கள் அடுத்த வரிக்குப் போயிருப்பீர்கள். முதல் வாக்கியத்தில் ஒரு சொல்லும் கடினமில்லை. ஆனால் செயப்பாட்டு வினையும் 'எது… அந்த' என்ற இணைப்பும் வேற்றுமொழி எலும்புக்கூட்டை அப்படியே நிறுத்தி வைத்திருக்கின்றன. நம் மூளை ஒவ்வொரு வரியையும் மறுபடி மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. முந்நூறு பக்கம் அந்த வேலையைச் செய்தால் யாருக்கும் களைப்புத்தான் வரும்.

இங்கே விட வேண்டியது பிரதியை, நூலை அல்ல. வேறு மொழிபெயர்ப்பு இருந்தால் இரண்டிலும் முதல் பக்கத்தை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து வரியிலேயே தெரிந்துவிடும். மூல மொழியோ, ஆங்கிலமோ உங்களுக்கு ஓடுமென்றால் அங்கே போங்கள். வேறு வழியில்லை என்றால் விட்டுவிட்டு, 'மொழிபெயர்ப்பு சரியில்லை, வேறு வந்தால் படிக்கலாம்' என்று குறித்து வையுங்கள். அந்த நூலாசிரியரைப் பற்றி எதுவும் தீர்மானிக்காதீர்கள். நீங்கள் இன்னும் அவரைப் படிக்கவே இல்லை.

தமிழிலேயே எழுதப்பட்ட நூலிலும் இது நடக்கிறது. வட்டார வழக்கு அடர்த்தியாக இருக்கும் நாவலில் முதல் இருபது பக்கம் காதுக்குப் பிடிபடாது. அது வேறு விஷயம். அங்கேயும் வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாத பேச்சு பல சமயம் காதுக்குப் புரிந்துவிடும்.

## அறிகுறி: அறுபது பக்கம் ஆயிற்று, இன்னும் உள்ளே போகவில்லை

அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் சொன்ன ஐம்பது பக்கக் கணக்கு பிரபலம். ஐம்பது பக்கம் வாய்ப்புக் கொடுங்கள், பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அவர் ஒரு சலுகையும் வைத்திருக்கிறார்: நூறிலிருந்து உங்கள் வயதைக் கழியுங்கள், மீதி எத்தனையோ அத்தனை பக்கம் படித்தால் போதும். 60 வயதுக்காரருக்கு 40 பக்கம். 100 வயதானவர் அட்டையைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

நல்ல கணக்கு, ஆனால் எல்லா நூலுக்கும் அப்படியே பொருத்தாதீர்கள். 900 பக்க நாவலில் ஐம்பதாம் பக்கத்தில் கதாநாயகனின் தாத்தாவுக்கே இன்னும் கல்யாணம் ஆகியிருக்காது. 120 பக்கக் குறுநாவலில் ஐம்பதாம் பக்கம் என்றால் கிட்டத்தட்டப் பாதி. நான் பார்ப்பது பக்க எண்ணை விட ஒரு கேள்வியை: அடுத்த பக்கத்தில் என்ன என்று ஒரு தடவையாவது கேட்டேனா? கதைக்காக என்றில்லை, ஒரு வாக்கியத்தின் அழகுக்காகவோ ஒரு ஆளின் குசும்புக்காகவோ இருந்தாலும் போதும். ஒரு தடவைகூட இல்லையென்றால் பத்தாம் பக்கமே ஐம்பதாம் பக்கம்தான்.

சிறுகதைத் தொகுப்புக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. முதல் கதை, தலைப்புக் கதை, நடுவில் ஒன்று என மூன்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு தொகுப்பில் நான்கு கதை படித்துவிட்டு மூடினால் அது பாதியில் விட்டதாகாது. நான்கு முழுக் கதைகளைப் படித்திருக்கிறீர்கள். கவிதைத் தொகுப்பை வரிசையாகப் படித்து முடிப்பவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் பயம்.

கட்டுரை, வரலாறு, அறிவியல் நூல்களில் விடுவதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது: தாண்டுவது. பொருளடக்கத்தைப் பாருங்கள். உங்களை இந்த நூலுக்கு இழுத்து வந்தது எந்த அத்தியாயமோ அதற்கு நேராகப் போங்கள். அதுவும் ஒட்டவில்லை என்றால் பிரச்சினை முடிந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992இல் வாசகருக்குப் பத்து உரிமைகள் என்று ஒரு பட்டியல் போட்டார். முதலாவது படிக்காமலே இருக்கும் உரிமை, இரண்டாவது பக்கங்களைத் தாண்டும் உரிமை, மூன்றாவது முடிக்காமல் விடும் உரிமை. அவர் எதற்காக அந்த வரிசையில் வைத்தாரோ, எனக்கு அது செய்முறை வரிசையாகவே பயன்படுகிறது. தாண்டிப் பார், பிறகு விடு.

## அறிகுறி: பிடிக்கவில்லை, ஆனால் பாதிக்கு மேல் வந்துவிட்டேன்

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். 'இவ்வளவு தூரம் படிச்சாச்சு, இனிமே விட்டா வீண்.' படித்த 260 பக்கங்களும் ஏற்கெனவே போய்விட்டன; மீதி 250 பக்கங்களைப் படித்தாலும் அவை திரும்பி வரப்போவதில்லை. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கை விடாது.

இந்தப் பிடியை 1985இல் ஹால் ஆர்க்ஸ், கேதரின் ப்ளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு நாடக அரங்கில் வைத்துக் காட்டினார்கள். ஒரு பருவத்துக்கான நாடகச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, சிலருக்குத் தள்ளுபடி. யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரி. பருவத்தின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். கொடுத்த காசு அவர்களை அழைத்து வந்தது. இரண்டாம் பாதியில் இந்த வித்தியாசம் மங்கிவிட்டது.

அந்தக் கடைசி வரிதான் நமக்கு வேண்டிய கருவி. காசின் பிடி நாளடைவில் தளரும். பெரிய விலை கொடுத்து வாங்கிய புத்தகத்தை இன்றே விட மனம் வரவில்லையா, விட வேண்டாம். ஆறு மாதம் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதைப் பார்த்தால் விலை மறந்திருக்கும். பிடித்ததா இல்லையா என்பது மட்டும் நினைவிருக்கும்.

இன்றே தீர்க்க வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். அடையாளத் தாளை எடுத்துவிட்டு, இந்தப் புத்தகம் இன்றைக்குத்தான் கையில் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நண்பர் சொல்கிறார்: '250 பக்கம், நீ இதுவரை படித்த மாதிரியேதான் இருக்கும்.' தொடங்குவீர்களா? மாட்டேன் என்று உடனே வந்தால் அதுவே பதில்.

தயக்கம் வந்தால் கடிகாரத்தை வைத்து அளந்து பாருங்கள். பத்து நிமிடத்தில் எத்தனை பக்கம் போகிறது? எனக்குப் பிடித்த நாவல் என்றால் ஏழு பக்கம் போகும், பிடிக்காதது நான்கு. 250 பக்கத்தை நான்கு நான்காகப் போனால் பத்து மணி நேரத்துக்கு மேல். தினமும் அரை மணி நேரம் படிப்பவருக்கு மூன்று வாரம். மூன்று வாரம் மாலைப்பொழுதுகளை இதற்குக் கொடுக்கத் தயாரா என்று கேட்டால், பெரும்பாலும் தயக்கம் தெளிந்துவிடும்.

முடிவு என்ன ஆகிறது என்று மட்டும் தெரிய வேண்டும் என்றால் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள். யாரும் கதவைத் தட்டிக் கேட்க மாட்டார்கள். கடைசி அத்தியாயம் படித்தபின் நடுவில் என்ன நடந்தது என்ற ஆவல் வந்தால் திரும்பி வந்து படிக்கலாம், எனக்கு இரண்டு தடவை அப்படி ஆகியிருக்கிறது.

## அறிகுறி: ஊரே புகழ்கிறது, எனக்கு மட்டும் ஒட்டவில்லை

இங்கே இரண்டு கோளாறுகள் ஒரே முகத்தோடு வரும்: கடினம், பிடிக்கவில்லை. படிக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி வேதனையாகத்தான் இருக்கும். மூடி வைத்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். கடினமான நல்ல புத்தகம் குளிக்கும்போது வரும், பஸ்ஸுக்கு நிற்கும்போது வரும். 'அவள் ஏன் அப்படிச் சொன்னாள்?' என்று எங்கிருந்தோ கேட்கும். பிடிக்காத புத்தகம் மூடியதும் மூடியதுதான். ஆகவே நான்கு நாள் மூடி வைத்துவிட்டுக் கவனியுங்கள். தானாக ஒரு தடவையாவது நினைவுக்கு வந்தால், பக்கத்தைக் குறைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு எட்டுப் பக்கம் என்று தொடருங்கள். வரவேயில்லை என்றால் ஊர் புகழ்வது ஊரோடு இருக்கட்டும்.

ஊரும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் புகழ்கிறது என்று நினைக்காதீர்கள். 2014இல் ஜோர்டன் எல்லன்பெர்க் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஒரு விளையாட்டுக் கணக்குப் போட்டார். கிண்டில் என்ற மின்னூல் கருவியில் படிப்பவர்கள் ஒரு நூலில் அதிகம் அடிக்கோடிட்ட ஐந்து இடங்களின் பக்க எண்களைச் சராசரி எடுத்து, அது நூலின் எத்தனையாவது சதவீதத்தில் விழுகிறது என்று பார்த்தார். கடைசி வரை எல்லோரும் படித்திருந்தால் அடிக்கோடுகள் நூல் முழுவதும் பரவியிருக்க வேண்டும். அந்த ஆண்டு பெரும் பரபரப்பாக விற்ற தாமஸ் பிக்கெட்டியின் பொருளாதார நூலுக்கு வந்த எண் 2.4 சதவீதம். இது அறிவியல் ஒன்றும் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். இருந்தாலும் மனதுக்கு ஒரு ஆறுதல்.

நூலகவியலில் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அந்த வாசகர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அதே ஐந்தில் இன்னொன்று.

## அறிகுறி: கொடுத்தவர் கேட்பார்

பரிசாக வந்த புத்தகம், அல்லது எழுதியவரே தெரிந்தவர். இது புத்தகக் கோளாறு இல்லை, சங்கடம். பொய் சொல்லாதீர்கள், அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். எதுவரை படித்தீர்கள், அதில் எது நன்றாக இருந்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். எனக்கும் ஒரு பழைய நண்பனுக்கும் நடந்தது:

"நான் குடுத்ததைப் படிச்சியாடா?"

"எண்பது பக்கம் வந்தேன். அந்தப் பள்ளிக்கூட அத்தியாயம் பிரமாதம். அதுக்கப்புறம் என்னால உள்ளே போக முடியலை. உனக்கு எந்த இடம் பிடிச்சுது?"

"பள்ளிக்கூடம்தான்." கொஞ்ச நேரம் பேசவில்லை. "நானும் அதோட நிறுத்திட்டேன்."

எழுதியவரே கேட்டால் 'சார், அந்த மூன்றாவது அத்தியாயத்தில் ஆற்றங்கரைப் பேச்சு நன்றாக இருந்தது' என்று சொன்னால் போதும். விட்டுவிட்டேன் என்று தாமாகப் போய் அறிவிக்க வேண்டியதில்லை.

## அறிகுறி: படித்தே ஆக வேண்டிய புத்தகம்

தேர்வுக்கோ வேலைக்கோ என்றால் இங்கே சொல்லும் எதுவும் பொருந்தாது. பிடிக்கிறதா என்ற கேள்வியை எடுத்துவிட்டு, பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு நாளுக்கு இத்தனை பக்கம் என்று முடித்துவிடுங்கள். இரவில் படிக்கும் புத்தகம் வேறாக இருக்கட்டும்.

## அறிகுறி: படிக்கப் படிக்க மனம் கெடுகிறது

உங்கள் வீட்டில் நடந்த ஒரு துக்கத்தையோ கொடுமையையோ புத்தகம் தொட்டுவிட்டால், காரணம் ஆராயாமல் மூடிவிடுங்கள். நல்ல புத்தகமாக இருந்தாலும்.

## அறிகுறி: அதையும் தொடுவதில்லை, வேறு எதையும் தொடுவதில்லை

என் கணக்கில் மிகப் பெரிய கோளாறு இதுதான். பார்வைக்குக் கோளாறாகவே தெரியாது. தலைமாட்டில் ஒரு புத்தகம், எழுபதாம் பக்கத்தில் அடையாளம். மூன்று மாதமாக அப்படியே கிடக்கிறது. கேட்டால், 'ஒண்ணு படிச்சிட்டிருக்கேன், அதை முடிச்சிட்டுத்தான் அடுத்தது' என்போம். படிக்கவும் இல்லை, விடவும் இல்லை. கை புத்தகத்துக்குப் போகும்போதெல்லாம் இது முன்னால் வந்து நிற்கும். பதிலுக்குக் கை போனை எடுக்கும். விட்டுவிட்ட புத்தகத்தால் யாருடைய வாசிப்பும் கெட்டதை நான் பார்த்ததில்லை. விடாமல் கிடக்கும் ஒரு புத்தகம் ஒரு வருட வாசிப்பை அடைத்து வைத்ததைப் பார்த்திருக்கிறேன், என் வீட்டிலேயே.

இதற்கு மருந்து, விடுவதை ஒழுங்காக விடுவது. மெதுவாகக் காணாமல் போக விடாதீர்கள். உட்கார்ந்து முடித்து வையுங்கள். ஐந்து நிமிட வேலை.

அடையாளத் தாளை உருவி எடுங்கள். அது உள்ளே இருக்கும் வரை புத்தகம் 'படித்துக்கொண்டிருக்கும்' புத்தகம்தான். ஒரு நோட்டில் பெயர், தேதி, பக்கம், காரணம் எழுதுங்கள். காரணம் ஒரே வரியாக இருக்கட்டும். 'போர் அடிக்கிறது' என்று மட்டும் எழுதக் கூடாது, எது போர் அடிக்கிறது என்று எழுத வேண்டும். கடைசியில் 'பிறகு' அல்லது 'இனி இல்லை' என்று ஒரு முடிவு. என் நோட்டிலிருந்து மூன்று:

'பக்கம் 38. நல்ல எழுத்து. இப்போது சாவைப் பற்றிப் படிக்கத் தெம்பில்லை. பிறகு.'

'பக்கம் 71. ஒரே அறிவுரையை ஏழு அத்தியாயமாகச் சொல்கிறார். இனி இல்லை.'

'பக்கம் 112. மாமா இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை. பிறகு.'

எழுதி முடித்ததும் புத்தகத்தை அந்த அறையை விட்டு வெளியேற்றுங்கள். 'பிறகு' என்றால் அலமாரிக்கு. 'இனி இல்லை' என்றால் நூலகத்துக்கோ பிடிக்கக்கூடிய ஒருவருக்கோ. இரவல் வாங்கியதென்றால் நாளைக்கே திருப்பிக் கொடுங்கள். கொடுத்தவர் முகத்தைப் பார்த்து வெட்கப்பட்டால் அது ஒரு நிமிடத்தில் போய்விடும். அன்றைக்கே அடுத்த புத்தகத்தில் ஐந்து பக்கமாவது படித்துவிடுங்கள். தலைமாடு ஒரு நாளும் காலியாக இருக்க வேண்டாம்.

இருபது, முப்பது வரிகள் சேர்ந்தபின் அந்த நோட்டைப் புரட்டினால் இன்னொன்றும் கிடைக்கும். நான் விட்டவற்றில் பாதி, யாரோ பெரிதாகச் சொன்னார்கள் என்று முதல் பக்கத்தைக்கூடப் பார்க்காமல் வாங்கியவை. இப்போதெல்லாம் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, நின்றபடியே படித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன்.

## அறிகுறி: எல்லாமே முப்பதாம் பக்கத்தில் நிற்கிறது

விடுவது பழகிவிட்டால் இந்த எதிர்க் கோளாறு வரும். ஏழு புத்தகம் திறந்து கிடக்கும், ஒன்றும் போகாது. இதற்கு மேலும் ஒன்றை விடுவது தீர்வில்லை. ஆறைக் கட்டி உள்ளே வையுங்கள். இருப்பதிலேயே மெல்லியதை எடுங்கள், இரண்டே நாளில் முடிகிற குறுநாவலாக. கடைசிப் பக்கத்தைத் தொடும் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, அது முதலில் திரும்ப வேண்டும். ஒரு மாதத்துக்கு ஒரே நேரத்தில் ஒரே புத்தகம். அப்புறம் ஐம்பது பக்கக் கணக்கு, மற்றதெல்லாம்.

## அறிகுறி: விட்டாயிற்று, ஆனால் உறுத்துகிறது

1927இல் ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர், முடித்த வேலையை விடப் பாதியில் நிறுத்தப்பட்ட வேலைதான் மனிதர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று எழுதினார். பின்னால் வந்த சோதனைகளில் அது எப்போதும் அப்படியே வந்துவிடவில்லை. ஆனால் உறுத்தல் என்று ஒன்று இருப்பது நமக்கே தெரியும். இரண்டு வாரம் பொறுங்கள். வெறும் குற்றவுணர்வென்றால் அடுத்த புத்தகம் சூடு பிடித்ததும் கரைந்துவிடும். கரையவில்லை, கதையே கூப்பிடுகிறது என்றால் போய் எடுங்கள். விட்டது ஒன்றும் சத்தியப் பிரமாணம் இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முன்பு படித்த பகுதி இப்போது வேகமாகப் போகும், போகவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

நான் 112ஆம் பக்கத்தில் விட்ட அந்த நாவல் நான்கு வருடம் உறுத்தியது. நல்ல எழுத்தாளர், நான்தான் அவசரப்பட்டுவிட்டேனோ என்று. போன மழைக்காலத்தில் எடுத்து முதலிலிருந்து படித்தேன். வெளிச்சம் சரியாக இருந்தது, புதுக் கண்ணாடி, போன் அடுத்த அறையில். இந்தத் தடவை 140 வரை போனேன். நோட்டில் பழைய வரிக்குக் கீழேயே எழுதினேன்: 'பக்கம் 140. மாமா பெட்டியைக் கட்டிவிட்டார். கிளம்பவில்லை. இனி இல்லை.'